கைவேலைப் பூச்சாடியை ஹோலில் எங்கே வைக்கலாம்?

கொக்குவிலாள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். களிமண் வேலை பழகும் என் சிநேகிதி, நாங்கள் வீட்டைத் திருத்திக் குடிவந்ததற்குத் தன் கையால் செய்த பூச்சாடி ஒன்றைத் தந்திருக்கிறாள். முழங்கை உயரம், அகன்ற வயிறு, ஒடுங்கின கழுத்து. சாம்பல் கலந்த நீலம், அதில் மிளகு தூவினமாதிரி கபிலப் புள்ளிகள். கிளேஸ், அதுதான் சூளையில் உருகிக் கண்ணாடிபோலப் படியும் மேற்பூச்சு, அடிவரை வரவில்லை, ஒரு பக்கம் தடித்த துளியாக வழிந்து பாதியில் நின்றுவிட்டது. அதற்குக் கீழே வெறும் மண். அந்த இடத்தில் அவளுடைய பெருவிரல் பட்ட தடம்கூடத் தெரியும். எனக்கு அதுதான் ஆக வடிவு.

பிரச்சினை என்னவென்றால், வீட்டில் ஆளுக்கொரு கதை. மாமி சந்தையில் பிளாஸ்ரிக் ரோசாப்பூ வாங்கி வந்து, சாடி நிறைய அடுக்கச் சொல்கிறா. இவர், உடைந்துபோகும், கண்ணாடி அலுமாரிக்குள் கப் செற்றுகளோடு வை என்கிறார். எங்கள் ஹோல் பழைய சிவப்புச் சீமெந்து நிலம், வெளிர் பச்சைச் சுவர். ஒரு பக்கம் ரீவி, எதிரே அப்பப்பாவின் படம். விறாந்தையிலிருந்து உள்ளே வரும் வாசலுக்கு நேரே ஒரு பழைய முதிரை மர மேசையும் இருக்கிறது. எங்கே வைக்கலாம்? என்ன பூ போடலாம்? தண்ணீர் ஊற்றினால் ஊறுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

சோளகம் எழுதியது:

விறாந்தையில் மட்டும் வைக்காதேங்கோ. சோளகம் என்றால் தென்மேற்குக் காற்று, என் பெயரைப் பார்த்தாலே காரணம் விளங்கும். வைகாசி தொடங்கினால் எங்கள் விறாந்தையில் பேப்பர்கூட நிற்காது. எங்கே வைத்தாலும் அடியில் கொஞ்சம் மணலைப் போட்டுவிடுங்கோ, பாரம் கீழே நிற்கும். வாசலுக்கு நேரே உள்ள மேசையும் யோசித்துத்தான். பின்கதவும் திறந்திருந்தால் காற்று அந்த வழியாகத்தான் ஓடும்.

பழைய சித்திர ரீச்சர் எழுதியது:

பிள்ளை, முதலில் அலுமாரிக் கதையை விடுங்கோ. கப் செற்றுகளுக்கு நடுவில் வைத்தால் அது இன்னொரு சாமான், அவ்வளவுதான். அந்தத் துளியும் விரல் தடமும் ஆருக்குத் தெரியப்போகிறது? கையால் செய்த சாடியைச் சுற்றிக் கொஞ்சம் வெறும் இடம் வேண்டும். ஒரு சாண் தூரத்துக்காவது வேறொன்றும் வைக்காதேங்கோ. ரிமோட், தொலைபேசி சார்ஜர், கலியாணக் காட் எல்லாம் வந்து குவிகிற மேசை என்றால் அந்த மேசையும் சரிவராது.

நீங்கள் எழுதினதை வைத்துப் பார்த்தால், முதிரை மேசைதான் இடம். ஆனால் நடுவில் வேண்டாம், சுவரோரமாக, காற்று நேரே அடிக்காத மூலைக்குத் தள்ளி வையுங்கோ. சிவப்பு நிலத்துக்குப் பக்கத்தில் அந்தச் சாம்பல் நீலம் நல்லாக எடுத்துக் காட்டும். கபிலப் புள்ளிகள் பெரும்பாலும் மண்ணில் உள்ள இரும்பு. சூளைச் சூட்டில் கிளேஸுக்கு மேலே எழும்பி வருவது. முதிரையின் நிறமும் அந்தக் கபிலமும் சொந்தக்காரர். பச்சைச் சுவர் எனக்குக் கொஞ்சம் யோசனைதான், ஆனால் வெளிர் பச்சை என்றபடியால் பரவாயில்லை. சாடியின் வயிற்றில் பக்கவாட்டு வெளிச்சம் விழவேண்டும். விறாந்தைப் பக்கம் இருந்து காலை வெயில் வருமென்றால் அந்தத் துளியின் பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி வையுங்கோ. ரியூப் லைற்றுக்கு நேர் கீழே வைத்தால் எல்லாம் தட்டையாகத் தெரியும்.

அடி வெறும் மண் என்கிறீர்கள். அது மேசையின் பொலிஷைக் கீறும். ஒரு சின்னப் பனையோலைத் தடுக்கை அடியில் போடுங்கோ.

தண்ணீர் ஊறுமா என்பதற்கு ஊகிக்கத் தேவையில்லை. தண்ணீர் நிரப்பிப் பழைய பேப்பரின் மேல் ஓர் இரவு வையுங்கோ. விடிய பேப்பர் ஈரமென்றால் மண் குடிக்கிறது. 1,200 பாகை செல்சியஸுக்கு மேல் சுட்ட பாண்டம் பெரும்பாலும் இறுகிப்போகும், ஊறாது. குறைந்த சூட்டில் சுட்டது கிளேஸ் போட்டாலும் கசியலாம். கசிந்தால் வீசிவிடத் தேவையில்லை, கழுத்துக்குள் போகக்கூடிய ஒடுங்கின போத்தலொன்றில் தண்ணீர் ஊற்றி உள்ளே இறக்கிவிட்டால் சரி.

இனி மாமியின் ரோசாப்பூ. கோபிக்காமல் சொல்லிப் பாருங்கோ: அந்தச் சாடிக்கு அவ்வளவு பூ தேவையில்லை. யாழ்ப்பாணம் நாவலர் வீதி நூதனசாலைக்கு ஒருநாள் மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கோ. பழைய மட்பாண்டங்கள் ஒரு பூவும் இல்லாமல் எப்படி நிற்கின்றன என்று பார்க்கலாம். 1977இல் இங்கே பக்கத்தில் அல்லைப்பிட்டியில் சீனாவின் சொங் அரசர் காலத்துப் பாண்டங்கள் கண்டெடுக்கப்பட்டன. கடல் கடந்து வந்த நல்ல சாடியை மதிக்க இந்த ஊருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. ஒடுங்கின கழுத்துக்கு ஒன்று அல்லது மூன்று காம்பு காணும்.

கொக்குவிலாள் எழுதியது:

ரீச்சர், கனக்க நன்றி. பேப்பர் வைத்துப் பார்த்தேன், காய்ந்தபடியேதான் இருந்தது. மேசையிலும் மூலைக்குத் தள்ளிவிட்டேன். மாமி இன்னும் ரோசாப்பூப் பையை எடுத்து ஒளிக்கவில்லை. எங்கள் வளவில் செவ்வரத்தை, தேமா, அலரி, குரோட்டன் நிற்கின்றன. எதைப் போடலாம்?

நுளம்புக்கு எதிரி எழுதியது:

நான் சுகாதாரப் பக்கம் வேலை செய்கிறவன், ஆகவே பூவை விடத் தண்ணீரைப் பற்றித்தான் சொல்வேன். ஐப்பசி, கார்த்திகையில் மாரி தொடங்கினதும் டெங்கு கூடும். வீடு பார்க்க வரும்போது பூச்சாடியையும் எட்டிப் பார்ப்போம். வளவைப் பளிச்சென்று கூட்டி வைத்திருக்கிற வீட்டிலும் ஹோலுக்குள்ளே நுளம்புக் குடம்பி நெளிந்ததைக் கண்டிருக்கிறேன்.

தண்ணீரை ஊற்றி மாற்றினால் மட்டும் போதாது. டெங்கு நுளம்பு முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, உட்சுவரில் ஒட்டிவிடும். அந்த முட்டை காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், பிறகு தண்ணீர் பட்டதும் பொரிக்கும். முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் காணும். ஆகவே ஒரு கிழமை கடக்கமுன் தண்ணீரை வெளியே மண்ணில் ஊற்றிவிட்டு, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒடுங்கின கழுத்தென்றால் ஒரு பிடி அரிசியும் சவர்க்காரத் தண்ணீரும் போட்டுக் குலுக்குங்கோ.

அலரியை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். பூ, இலை, பால் எல்லாம் நஞ்சு, அது நின்ற தண்ணீரும் நஞ்சு. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடென்றால் சொல்லத் தேவையில்லை.

பழைய சித்திர ரீச்சர் எழுதியது:

தம்பி சொன்னது சரி. செவ்வரத்தை தண்ணீரில் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அன்றைக்கே வாடும், சாமிக்கு வையுங்கோ. தேமா காம்போடு நிற்காது. குரோட்டன்தான் நாட்கணக்கில் நிற்கும், ஆனால் அந்தச் சிவப்பும் மஞ்சளும் உங்கள் சாடியோடு சண்டை பிடிக்கும். கடும் பச்சை இலை உள்ள கொப்பு ஒன்றைப் பாருங்கோ.

என்னைக் கேட்டால் தண்ணீரே வேண்டாம். நம்மூரில் காய்ந்தவற்றுக்கா பஞ்சம்? கொன்றை நெற்று கறுத்து நீளமாகத் தொங்கும், ஒன்று போதும். ஆண் பனையின் காய்ந்த பாளை விரல் விரித்ததுபோல இருக்கும், ஆனால் பாரம், மணல் போட்டால்தான் நிற்கும். மரத்தில் முற்றி வெளிறின முருங்கைக்காய்க்கு நிகர் எனக்கு வேறில்லை. மூன்று வரி பிளந்து, உள்ளே சிறகு முளைத்த விதை வெள்ளையாகத் தெரியும்.

உங்கள் கொக்குவில் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்பு கூடினது. தண்ணீர் பாவித்தால் உள்ளே வெள்ளைக் கோடு விழும். தேசிக்காய்ச் சாற்றைக் கொஞ்ச நேரம் விட்டுத் தேய்த்தால் போய்விடும். இரும்புப் பிரஷ் போடாதேங்கோ. மங்கலான கிளேஸென்றால் சாற்றை அதிக நேரம் ஊறவும் விடாதேங்கோ.

சோளகம் எழுதியது:

முருங்கைக்காய் நல்ல யோசனைதான் ரீச்சர். ஆனால் பிளக்கத் தொடங்கினதை மட்டும் பார்த்து முறியுங்கோ. முழுதாக விரிந்ததென்றால் எங்கள் பக்கத்துக் காற்றுக்கு விதை ஹோல் முழுக்கப் பறந்து, மாமி கையில் ஈர்க்குமாறோடு நிற்பா.

கொக்குவிலாள் எழுதியது:

இரண்டு முருங்கைக்காயோடு வைத்தாயிற்று. இவர் பார்த்துவிட்டு, சாம்பாருக்கு வாங்கினதை ஏன் இங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டார். மாமிக்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். பிளாஸ்ரிக் ரோசா முழுவதும் ரீவிக்கு மேலே, அவவின் பழைய பித்தளைச் சாடிக்குள்.