புதுப்பிப்பு: எம்டனுக்குக் கைப்பிடிக் கம்பியும் கரியும்

முதல் உலகப்போர் ஜெர்மன் போர்க்கப்பலான எம்டனின் 1/350 அளவு மாதிரிக்குச் சாம்பல் நிறம் அடித்ததோடு முன்பு நிறுத்தியிருந்தேன். துரு எவ்வளவு காட்டலாம் என்று கேட்டிருந்தீர்கள். இப்போது மெல்லிய பித்தளைத் தகட்டுக் கைப்பிடிக் கம்பிகள் ஏறிவிட்டன. நிஜத்தில் ஒரு மீட்டர் உயரம், இங்கே 3 மி.மீ. கூட இல்லை. சூப்பர் க்ளூவை ஊசி முனையால்தான் வைக்க முடிகிறது.

துரு, நங்கூரத் துளைக்குக் கீழே மெல்லிய கோடாக மட்டும். மற்றதெல்லாம் கரிதான். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைச் சுட்ட கப்பல், பிடித்த கப்பல்களின் நிலக்கரியை ஏற்றித்தானே ஓடியது! அதனால் மூன்று புகைபோக்கிகளுக்கும் கறுப்புப் பேஸ்டல் (வண்ணக் கட்டி) தூள் தாராளம்.

பிரிட்டிஷ் கப்பல்போலத் தெரிய எம்டன் மாலுமிகள் மாட்டிய போலி நான்காவது புகைபோக்கி? கழற்றி மாட்டும்படி செய்யப்போகிறேன். அப்புறம் கொடிமரக் கயிறுகள்.