ஹீத்ரோ – பாரிஸ் தூரம் எக்செல்லில் தப்பா வருது, உதவி தேவை

கேள்வி:
லண்டன் ஹீத்ரோ, பாரிஸ் சார்ல் த கோல் விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தை ஹாவர்சைன் சூத்திரத்தில் (பூமி மேல் இரண்டு இடங்களுக்கு நடுவிலான தூரத்தைக் கணக்கிடுவது) போட்டேன். அட்சரேகை, தீர்க்கரேகை டிகிரியில்: ஹீத்ரோ 51.4700, 0.4543. பாரிஸ் 49.0097, 2.5479. பூமியின் ஆரம் 6371 கி.மீ. விடை 17,856 கி.மீ.! நடுவில் இருப்பதே ஒரு கால்வாய்தான். பயண நேரமும் உதைக்கிறது: போக 9:00–11:20, திரும்ப 12:15–12:35. கழித்தால் 2:20, 0:20. எது சரி?

பதில் 1:
எக்செல்லின் சைன், காஸ் எல்லாம் ரேடியனில்தான் (கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு) வேலை செய்யும், நீங்க டிகிரியை அப்படியே கொடுத்திருக்கீங்க. ரேடியன்ஸ் ஃபங்ஷனுக்குள் போடுங்க. அட்சரேகை, தீர்க்கரேகை வித்தியாசங்களுக்கு மட்டும் போட்டுட்டு, காஸுக்குள் போகும் இரண்டு அட்சரேகைகளை விட்டுடறதுதான் வழக்கமா நடக்கும் தப்பு.

கேட்டவர்:
மாற்றினேன். இப்போ 311. ஆனா எல்லா இடத்திலும் 347-னு போட்டிருக்கு.

பதில் 2:
ஹீத்ரோ கிரீனிச்சுக்கு (தீர்க்கரேகை 0) மேற்கே இருக்கு. மைனஸ் 0.4543-னு போடணும். இப்போ உங்க ஹீத்ரோ கிழக்கு லண்டன் தாண்டி எங்கேயோ நிக்குது! குறியை மாத்தினா 347 வந்துடும். சில தளங்களில் 187-னு பார்த்தா குழம்பாதீங்க, அது கடல் மைல். 1.852-ஆல் பெருக்கிக்கலாம்.

பதில் 3:
நேரத்துக்கு வர்றேன். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். பாரிஸ் வருஷம் முழுக்க 1 மணி நேரம் முன்னால். இரண்டு ஊரும் கடிகாரத்தை ஒரே கணத்தில்தான் மாத்துவாங்க. போகும்போது 1 மணி கழிங்க, வரும்போது கூட்டுங்க, இரண்டுமே 1:20. எக்செல்லில் 1-னு கழிச்சா ஒரு முழு நாள் போயிடும், 1/24 கழிக்கணும். நள்ளிரவைத் தாண்டும் விமானத்துக்கு மைனஸ் நேரம் வந்து கட்டம் முழுக்க #### ஆகும். மொத்தத்தையும் மாட் ஃபங்ஷனில் 1-ஆல் வகுத்த மீதியா எடுங்க.

கேட்டவர்:
347-ஐ விமான வேகம் மணிக்கு 800 கி.மீ.-ஆல் வகுத்தா 26 நிமிஷம்தானே? மீதி எங்கே போச்சு?

பதில் 3:
1:20 என்பது விமானம் ஒரு நிலையத்தின் கேட்டை விட்டு நகர்வதிலிருந்து அடுத்த நிலையத்தின் கேட்டில் நிற்பது வரை. இரண்டு பெரிய நிலையங்களிலும் தரையில் உருள்வதே கணிசமான நேரம். காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால் ஹீத்ரோவில் அதிக நாட்கள் மேற்கு நோக்கித்தான் கிளம்பும், பிறகுதான் பாரிஸ் பக்கம் திரும்பும். இவ்வளவு குறுகிய தடத்தில் ஏறி முடிச்சதும் இறங்க ஆரம்பிச்சுடும், 800 வேகத்தில் நிலையா பறக்க இடமே இல்லை. திரும்பும்போது ஹீத்ரோவில் நெரிசல்னா லண்டன் பக்கத்தில் இருக்கும் பிகின் ஹில், ஓக்கம் மேலே வட்டமடிக்க விடுவாங்க. கம்பெனிகள் அதையும் சேர்த்துத்தான் அட்டவணை போடுது. அதனால தூரத்தை வேகத்தால் வகுக்கும் நெடுவரிசையை எடுத்துட்டு, அட்டவணை நேரத்தையே வெச்சுக்கோங்க.