பிரெயின் டெத் (மூளைச்சாவு) டெஸ்ட் நடக்கற பேஷண்ட் கைய அசைச்சா அட்டெண்டர்கிட்ட (கூட இருக்கற சொந்தக்காரங்ககிட்ட) என்ன சொல்றது?

நைட்டூட்டி_நர்ஸ்:
நியூரோ ஐசியுக்கு புதுசு நான். பைக் ஆக்சிடென்ட், ஹெட் இன்ஜுரி, முதல் ஆப்னியா டெஸ்ட் (வெண்டிலேட்டர் இல்லாம தானா மூச்சு வருதான்னு பாக்கறது) முடிஞ்சு ரெண்டாவதுக்கு வெயிட்டிங், அந்த நேரம் பார்த்து புரட்டிப் போடும்போது கை லேசா மேல தூக்குச்சு. அவங்கம்மா பாத்துட்டு "எம்புள்ளைக்கு உசுரு இருக்கு பாப்பா"ன்னு கைய புடிச்சுக்கிட்டாங்க. காலேஜ்ல இதப்பத்தி ஒரு பாரா படிச்சதோட சரி, எனக்கே டவுட்டா இருக்கு. உறுப்பு தானம் பத்தி நானே பேசலாமா?

பழைய_சிஸ்டர்:
அது ஸ்பைனல் ரிஃப்ளெக்ஸா இருக்கும்மா. மூளைத்தண்டு செத்தாலும் தண்டுவடம் தனியா கொஞ்சம் வேலை செய்யும், கை கால் துடிக்கும், சிலருக்கு ரெண்டு கையும் நெஞ்சு வரைக்கும் வரும். கோமா வேற இது வேற, கோமால இருக்கறவங்க தேறி வரலாம், இதுல வழியே இல்ல. தானம் பத்தி நீ ஆரம்பிக்காத, டாக்டர் இறப்பை சொல்லி அது அவங்களுக்கு உறைச்ச பிறகு உறுப்பு தானத்துக்குன்னு இருக்கற கோஆர்டினேட்டர் பேசுவாங்க. ஆனா அதுக்கு முன்னாடி அந்தம்மா உன் மூஞ்சியத்தான் பாப்பாங்க, நீ முழிச்சா அவ்ளோதான்.

சும்மா_வந்தவன்:
ப்ரைவேட்ல காசுக்காக சீக்கிரமா டெத் சொல்லிருவாங்கன்னு எங்க ஊர்ல பேச்சு இருக்கே?

கோஆர்டினேட்டர்_அக்கா:
1994 உறுப்பு மாற்று சட்டப்படி நாலு டாக்டர் கையெழுத்து போடணும், டிரான்ஸ்பிளான்ட் டீம்ல இருக்கறவங்க அதுல வரவே கூடாது. டெஸ்டும் குறைஞ்சது 6 மணி நேர இடைவெளி விட்டு ரெண்டு தடவை. நம்ம தமிழ்நாட்டுல 2008ல ஹிதேந்திரன்னு ஒரு பையன் ஆக்சிடென்ட்ல மூளைச்சாவு ஆகி, அவங்கப்பா அம்மா உறுப்புகளை தானம் குடுத்ததுக்கு அப்புறம் தான் ஜனங்களுக்கு இது தெரிய வந்துச்சு, 2023ல இருந்து தானம் பண்ணவங்களுக்கு அரசு மரியாதையும் உண்டு. நர்ஸ்களுக்கு முறையா சொல்லிக்குடுக்கறது தான் இன்னும் பத்தல. டெத் சொன்னப்புறம் தான் நர்சிங் வேலையே ஜாஸ்தி, பிபி விழும், யூரின் கொட்டோ கொட்டுன்னு கொட்டும், சோடியம் ஏறும், விட்டா தானம் பண்ண வேண்டிய கிட்னி போச்சு. அப்புறம் "மெஷின்ல தான் உசுரு ஓடுது"ன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, அதக் கேட்டா எந்த அம்மா சரின்னுவாங்க?

நைட்டூட்டி_நர்ஸ்:
தேங்க்ஸ்க்கா. இன்னொண்ணு, புரட்டும்போது "தம்பி திருப்புறோம்பா"ன்னு பழக்கத்துல வாயில வந்துருது, அதையும் நிறுத்தணுமா?

பழைய_சிஸ்டர்:
அட்டெண்டர் பக்கத்துல இருந்தா வேணாம், காது கேக்குதுன்னு நெனச்சுருவாங்க. யாரும் இல்லைன்னா நான் இன்னைக்கும் சொல்லுவேன்.

கோஆர்டினேட்டர்_அக்கா:
இதுல எனக்கு உடன்பாடு இல்ல சிஸ்டர், ஸ்கிரீனுக்கு அந்தப்பக்கம் யார் நிக்கறாங்கன்னு நமக்குத் தெரியாது.