சிறுநீர்க்குழாய் அடைப்பு ஆபரேஷன்: மதுரையில் செய்துகொண்டவர்கள் யாராவது?

வணக்கம். உசிலம்பட்டியில் இருக்கும் என் மச்சானுக்காகக் கேட்கிறேன். பைக் விபத்தில் கவட்டையில் அடிபட்டதிலிருந்து சிறுநீர் நூல் மாதிரிதான் வருகிறது. உள்ளே கேமரா விட்டு அடைப்பைக் கீறிவிட்டார்கள். சில மாதத்தில் பழையபடி சுருங்கிவிட்டது.

ஆர்ஜியு எக்ஸ்ரேயில் (சிறுநீர்க்குழாய்க்குள் மருந்து செலுத்தி எடுப்பது) பல்பார் பகுதியில், அதாவது கவட்டைப் பக்கம் இருக்கும் குழாயில், 4 செ.மீ. அளவுக்குச் சுருக்கம். 2 செ.மீ.க்குள் என்றால் அந்த இடத்தை வெட்டியெடுத்து இரு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிடலாமாம். இவ்வளவு நீளத்துக்குக் கன்னத்தின் உட்புறச் சவ்வை எடுத்து ஒட்டும் யூரித்ரோபிளாஸ்டி (குழாயைச் சீரமைக்கும் ஆபரேஷன்) தான் சரி என்கிறார் யூராலஜி டாக்டர். திரும்பத் திரும்பக் கீறுவதில் பலன் குறைந்துகொண்டே போகும் என்பதால் எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. மச்சானோ "வாயில் இருப்பதை அங்கே வைப்பதா!" என்று முரண்டு பிடிக்கிறார். போதாக்குறைக்குப் பல வருஷமாகப் புகையிலை போடுகிறவர், வாய் பாதிதான் திறக்கிறது. இப்படி இருந்தவர்களுக்குக் கன்னத்துக்குப் பதில் நாக்கின் அடிப்பக்கத்திலிருந்து சவ்வை எடுத்தார்களா?

பெரியாஸ்பத்திரியிலோ தனியாரிலோ செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்: முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் செலவு அடங்கியதா? கதீட்டரோடு (சிறுநீர் வடிய வைக்கும் டியூப்) மூன்று வாரம் போல இருக்க வேண்டுமாமே, எப்படிச் சமாளித்தீர்கள்? அப்புறம், மறுபடி பைக் ஓட்ட எப்போது விட்டார்கள்? கூச்சமாக இருந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள். நாட்டு மருந்து மட்டும் தயவுசெய்து வேண்டாம், அதெல்லாம் குடித்துப் பார்த்தாயிற்று.