பாத் நகரில் தம்பதியாக ஒரு நாள்: வெந்நீர்க் குளத்திலிருந்து தேநீர் மேசை வரை – அனுபவப் பகிர்வு

பாத்வாசி:

இங்கிலாந்தின் பாத் நகருக்கு ஒரு நாள் பயணமாக வருகிற தம்பதிகள் பெரும்பாலும் காலையிலிருந்து திட்டம் போடுகிறார்கள். தேநீரிலிருந்து பின்னோக்கிப் போடுவதுதான் சரி. ஆஃப்டர்நூன் டீ என்பது நின்றபடி குடித்துவிட்டுப் போகிற டீ அல்ல. ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் பிடிக்கும், ஒருவேளைச் சாப்பாட்டுக்கு ஈடான விருந்து. பிற்பகல் 3 மணிக்கு மேசையை உறுதி செய்துகொண்டு, வெந்நீர்க் குளத்தை 11.30 முதல் 1.30 வரை வைத்துக்கொள்ளுங்கள். நடுவே கிடைக்கிற ஒன்றரை மணி நேரம் தலை உலர்த்தவும் உடம்பு ஆறவும் மெதுவாக நடக்கவும் சரியாக இருக்கும். இதைத் தலைகீழாக்கி, வயிறு நிறைய கேக்கும் க்ரீமும் சாப்பிட்டுவிட்டு வெந்நீரில் இறங்கினால் மந்தமும் தலைச்சுற்றலும்தான் வரும். ஷாம்பெய்ன் சேர்த்துத் தேநீர் சொல்லியிருந்தால் குளம் முதலில் என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மது குடித்தபின் வெந்நீரில் இறங்குவது ஆபத்து.

குளம் என்றதும் ரோமானியர் கட்டிய பழைய குளத்தில் குளிக்கலாம் என்று பலர் நினைத்து வருகிறார்கள். அங்கே பார்க்க மட்டும்தான் அனுமதி. 1978-இல் அந்த ஊற்று நீரில் நீந்திய ஒரு சிறுமி அமீபா தொற்றி மூளைக்காய்ச்சலில் இறந்தாள். அதோடு பழைய குளியல் நின்றுபோனது. பிறகு புதிதாகத் துளையிட்டுச் சுத்தமான நீர் எடுத்து, 2006-இல் தெர்மே பாத் ஸ்பா திறக்கப்பட்டது. குளிப்பது அங்கேதான். ஊற்றில் சுமார் 46 டிகிரி செல்சியஸில் பொங்கும் நீரை 33.5 டிகிரி அளவுக்கு ஆற்றித்தான் குளங்களில் விடுகிறார்கள். மொட்டைமாடிக் குளத்தை அவசியம் பாருங்கள். குளிர்காலத்தில் ஆவி எழ, எதிரே அபே தேவாலயத்தின் கோபுரம் தெரியும். 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை, ஆகவே பிள்ளைகளைக் கூட்டிவந்து வாசலில் தவிக்க வேண்டாம். நீச்சலுடையும் ஈரத்துணி போட ஒரு பையும் உங்கள் பொறுப்பு. ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முன்பதிவுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

தேநீர் விருந்துக்கான பரிசுக் கூப்பன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கூப்பன் கையில் இருப்பது மேசை கிடைத்துவிட்டதற்கு அடையாளம் இல்லை. நாளும் நேரமும் தனியாகப் பதிவு செய்யவேண்டும். சனி, ஞாயிறு செல்லாத கூப்பன்களும் உண்டு. காலாவதி தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயில் பயணி:

லண்டன் பாடிங்டனிலிருந்து பாத் ஸ்பா நிலையத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். இருவராகப் போகிறவர்களுக்கென்றே 'டூ டுகெதர்' என்ற ரயில் அட்டை இருக்கிறது. இருவர் பெயரும் படமும் அதில் இருக்கும், இருவரும் சேர்ந்தே பயணம் செய்யவேண்டும், கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வார நாட்களில் காலை 9.30-க்கு முன் புறப்படும் வண்டிகளில் செல்லாது. இதைக் கவனிக்காமல் 9 மணி வண்டியில் ஏறினால் அந்தத் தள்ளுபடிச் சீட்டு செல்லாமல் போய்விடும். 9.30 வண்டியைப் பிடித்தால் 11 மணிவாக்கில் இறங்கலாம். மேலே சொன்ன 11.30 குளத்துக்குச் சரியாக வரும்.

நிலையத்திலிருந்து அபே வரை சமதளம், பத்து நிமிட நடை. ராயல் கிரசென்ட் பக்கம் தேநீர் என்றால் ஏற்றம்; இருபது இருபத்தைந்து நிமிடம் ஒதுக்குங்கள். பிறை வடிவில் 30 வீடுகள் வரிசையாக நிற்கும் அந்தக் கட்டடம் 1767-இல் தொடங்கி 1774-இல் முடிந்தது. எதிரே இருக்கும் பூங்காவில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

ரொட்டி அடுப்பு:

முன்பதிவில் பெயரைக் கவனியுங்கள். 'க்ரீம் டீ' என்றால் ஸ்கோன் (அடுப்பில் சுட்ட, உப்பி எழும் சிறு வட்ட ரொட்டி), ஜாம், க்ரீம், தேநீர் – அவ்வளவுதான். 'ஆஃப்டர்நூன் டீ' என்றால் சாண்ட்விச், ஸ்கோன், இனிப்புகள் மூன்றும் அடுக்குத் தட்டில் வரும். 'ஹை டீ' என்பது பெயரைக் கேட்டுப் பலர் நினைப்பதுபோல உயர்ரக விருந்து இல்லை. வேலை முடிந்து வந்த உழைப்பாளிகள் மாலை ஐந்து ஆறு மணிக்குச் சூடான பண்டத்தோடு சாப்பிட்ட இரவுச் சாப்பாடு அது. ஆஃப்டர்நூன் டீ பழக்கமோ 1840-களில் பெட்ஃபர்ட் சீமாட்டி அன்னா மரியாவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. இரவு விருந்து எட்டு மணிக்குத் தள்ளிப்போன காலத்தில் பிற்பகல் பசிக்கு வந்த ஏற்பாடு.

தட்டில் கீழிருந்து மேலே போகவேண்டும். காரணம் சம்பிரதாயம் மட்டும் இல்லை. ஓரம் நறுக்கிய ரொட்டி திறந்த காற்றில் அரை மணியில் காய்ந்து ஓரம் சுருளும். அதனால் சாண்ட்விச் முதலில். வெள்ளரிக்காய் சாண்ட்விச்சில்தான் சமையலறையின் கைத்திறன் தெரியும். மெல்லியதாகச் சீவி, உப்புத் தூவி கால் மணி நேரம் வைத்து, துணியில் ஒற்றி எடுத்து, ரொட்டியின் விளிம்புவரை வெண்ணெய் தடவியிருந்தால் ரொட்டி நனையாது. ரொட்டி சொதசொதவென்று இருந்தால் அந்த இரண்டில் ஒன்றை விட்டுவிட்டார்கள். பல இடங்களில் சாண்ட்விச் மறுமுறையும் தருவார்கள், கேட்டால்தான்.

ஸ்கோனுக்கு வருகிறேன். நல்ல ஸ்கோனின் நடுவில் இடுப்புபோல ஒரு வெடிப்பு ஓடும். கத்தி வேண்டாம், இரு கையால் திருகினாலே இரண்டாகப் பிரியும். வீட்டில் செய்ய அளவு: மைதா 225 கிராம், பேக்கிங் பவுடர் 3 தேக்கரண்டி, குளிர்ந்த வெண்ணெய் 55 கிராம், சர்க்கரை 25 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, பால் 150 மில்லி. வெண்ணெயை மாவில் விரல் நுனியால் உதிர்த்து, பாலைச் சேர்த்து, ஒன்றுசேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். சப்பாத்தி மாவுபோலப் பிசைந்தால் கல்லாகிவிடும். இரண்டரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, 5 சென்டிமீட்டர் அச்சால் நேராக அழுத்தி எடுக்கவேண்டும். அச்சைத் திருகினால் விளிம்பு ஒட்டிக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்து எழும்பும். மேலே தடவும் முட்டையோ பாலோ பக்கத்தில் வழிந்தாலும் இதே கதை. 220 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம். தட்டையாகவே நின்றுவிட்டால் மூன்று காரணம் பார்க்கலாம்: மெல்லியதாகத் தட்டியது, அடுப்பு சூடேறாதது, பேக்கிங் பவுடர் பழையது.

க்ளாட்டட் க்ரீம் நம் பாலாடையின் உறவு. க்ரீமை மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வைத்து ஆறவிட, மேலே பொன்னிற ஏடு கட்டும். கார்ன்வால் க்ரீம் என்று விற்க 55 விழுக்காடு வெண்ணெய்க் கொழுப்பாவது இருக்கவேண்டும். டெவன்காரர்கள் க்ரீம் முதலில், ஜாம் மேலே. கார்ன்வாலில் ஜாம் முதலில். ஸ்கோன் கொதிக்கச் சூடாக இருந்தால் டெவன் முறை வழிந்துவிடும், ஜாமை அடியில் வையுங்கள்.

மலையகத் தேயிலை:

தேநீரைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லையே! மெனுவில் பத்துப் பதினைந்து பெயர் இருக்கும். சாண்ட்விச்சுக்கு ஒன்று, இனிப்புக்கு ஒன்று என்று இரண்டு வகை சொல்லுங்கள். பல இடங்களில் மாற்றித் தருவார்கள். இருவரும் ஒரே வகையைச் சொல்லாமல் ஆளுக்கொன்றாகச் சொன்னால் நான்கு வகை ருசிக்கலாம். சிலோன் என்று போட்டிருந்தால் எந்தப் பகுதி என்று கேளுங்கள். நுவரெலியா மென்மை, பால் தாங்காது. திம்புள்ள பாலுக்கு நன்றாகப் பொருந்தும். ஊவாவுக்குத் தனி வாசம், அதன் நல்ல பருவம் ஜூலை முதல் செப்டம்பர் வரை.

வடித்தல்தான் முக்கியம். 200 மில்லி நீருக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது இரண்டு கிராமுக்குச் சற்று மேல். கறுப்புத் தேயிலைக்குப் புதிதாகக் கொதித்த நீர் வேண்டும். டார்ஜிலிங் என்றால் 3 நிமிடம், அசாம், திம்புள்ள என்றால் 4 முதல் 5. கூஜாவில் இலை உள்ளேயே கிடந்தால் இரண்டாவது கோப்பை கசக்கும். வடிகூடையை எடுத்துவைக்கத் தட்டு கேளுங்கள். கூடவே வருகிற வெந்நீர்க் கூஜா தேநீர் கடுத்துப்போனால் விளாவுவதற்கு. நம் வீட்டு டீபோல இங்கே பாலைக் காய்ச்சி ஊற்றுவதில்லை, குளிர்ந்த பால்தான். கோப்பைக்கு ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் ஊற்றினால் சூடே போய்விடும். எர்ல் கிரே என்பது பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் வாசம் ஏற்றிய தேயிலை. அந்த வாசம் பாலில் அமுங்கும். வெறுமனே குடிப்பதே நல்லது.

1867-இல் கண்டிக்கு அருகே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். பின்னால் மலை முழுக்க அது பரவியபோது கொழுந்து பறித்த கைகள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் சனங்களுடையவை. அந்த வெள்ளிக் கூஜாவில் சிலோன் வரும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சைவச் சாப்பாடு:

இங்கே 'வெஜிடேரியன்' என்றால் முட்டை உண்டு. முட்டை சாண்ட்விச் சைவத் தட்டிலேயே வரும். முட்டை சாப்பிடாதவர்கள் முன்பதிவின்போதே, குறைந்தது 48 மணி நேரம் முன்னதாக, எழுத்தில் சொல்லுங்கள். அங்கே போய்ச் சொன்னால் சாண்ட்விச்சை மாற்றலாம், கேக்கை மாற்ற முடியாது. முட்டை ஒளிந்திருக்கும் இடங்கள்: மயோனைஸ், லெமன் கர்ட், மக்ரோன், ஸ்கோனின் மேல்பூச்சு. எளிய வழி, முட்டையும் பாலும் இல்லாத 'வீகன்' தட்டு கேட்டு, க்ளாட்டட் க்ரீமும் வெண்ணெயும் தனியாகத் தரச்சொல்வது. மூஸ் என்ற நுரைத்த இனிப்பு வகைகளில் ஜெலட்டின் (விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுப்பது) இருக்கிறதா என்று கேட்கவேண்டும். பார்மசான் பாலாடைக்கட்டி கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதியால் உறைவது. மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் ஹார்ஸ்ராடிஷ் என்ற காரமான கிழங்குச் சட்னி போட்ட சாண்ட்விச்சை விசாரித்துவிட்டு எடுங்கள், அதற்குள் பெரும்பாலும் ரோஸ்ட் பீஃப்தான்.

ஒவ்வாமை தரும் 14 பொருட்கள் எந்தப் பண்டத்தில் இருக்கின்றன என்பதை உணவகம் தெரிவிப்பது பிரிட்டனில் சட்டக் கடமை. முட்டையும் பாலும் அந்தப் பட்டியலில் உண்டு, தயங்காமல் அந்தத் தாளைக் கேளுங்கள். ஜெலட்டின் அதில் வராது, அதைத் தனியாகத்தான் கேட்கவேண்டும்.

பாத்வாசி:

விட்டுப்போன ஒன்று. பல இடங்களில் பில்லில் சேவைக் கட்டணம், பெரும்பாலும் 12.5 விழுக்காடு, முன்பே சேர்ந்திருக்கும். சேர்ந்திருந்தால் அதற்குமேல் டிப்ஸ் தேவையில்லை. மீந்த கேக்குக்கும் ஸ்கோனுக்கும் அட்டைப்பெட்டி கேட்டால் பல இடங்களில் தருவார்கள். மீன், முட்டை சாண்ட்விச் வெளியே கெட்டுவிடும் என்பதால் அவற்றை மேசையிலேயே முடித்துவிடுங்கள். ஸ்கோனை மறுநாள் 160 டிகிரியில் ஐந்து நிமிடம் சூடாக்கினால் மிருதுவாகிவிடும். மைக்ரோவேவில் வைத்தால் முதலில் மெத்தென்று இருந்து, ஆறியதும் ரப்பர்போல இழுக்கும்.