மோசல் ஆற்றுச் சரிவில் முந்திரிகை (திராட்சை): ஊர் ஒரு கரை, தோட்டம் மறுகரை, ஏன்?

கல்லடி_புவியியல் எழுதியது:

உயர்தர வகுப்புக்கு மியாந்தர் (ஆற்று வளைவு) படிப்பிக்க ஜேர்மனியின் மோசல் ஆற்றை உதாரணமாக எடுத்திருக்கிறேன். செய்மதிப் படத்தில் ட்ரியரிலிருந்து கொப்லென்ஸ் வரை வளைவுக்கு மேல் வளைவு. பிள்ளைகள் கேட்டதில் மூன்று கேள்விகளுக்குச் சரியான விடை தேவை.

வேலென் என்ற ஊர் இடக்கரையில், அதன் பேர்போன தோட்டம் வலக்கரையில். பிரௌனெபெர்க் ஊர் வலக்கரையில், தோட்டம் இடக்கரையில். ஏன் இப்படி மாறி மாறி? அடுத்தது, அடிவாரத்தில் தட்டை நிலம் கிடக்க, நிற்கவே முடியாத சரிவில் ஏன் நடுகிறார்கள்? மற்றது, மழைக்கு அந்த மண் ஆற்றுக்குள் போய்விடாதா?

பாடத்துக்கு வெளியே இன்னொன்று. ஒரு மாணவியின் மாமி அங்கிருந்து வரும்போது ரீஸ்லிங் என்ற வைன் முந்திரிகை இனத்தின் கொடித்தண்டு கொண்டுவரலாமா என்று கேட்கிறாவாம். இங்கே மட்டக்களப்பில், கல்லடி மணலில் பிடிக்குமா?

---

வாவிக்கரை_நிலஅளவை பதில்:

சேர், இரண்டாவதிலிருந்து தொடங்கினால் முதலாவது தானாக விளங்கும்.

அந்தப் பக்கம் வட அகலாங்கு ஏறக்குறைய 50 பாகை. செப்டெம்பர் 23 அளவில் நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 40 பாகைதான் ஏறும். செங்குத்தாக விழுகிற வெயிலை 1 என்று வைத்தால், தட்டை நிலத்துக்குக் கிடைக்கும் நேர்வெயில் சைன் 40, அதாவது 0.64. தெற்குப் பார்த்த 30 பாகைச் சரிவில் அதே வெயில் 70 பாகையில் விழும், 0.94. ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஒக்டோபர் 20 அளவில் சூரியன் 30 பாகைக்கு இறங்கிவிடும். அப்போது தட்டை நிலத்துக்கு 0.50, சரிவுக்கு 0.87. ரீஸ்லிங் பிந்திப் பழுக்கிற இனம், அறுவடை ஒக்டோபர் முழுக்க நீளும், சில வருடம் நவம்பரையும் தொடும். சீனி ஏறுகிற கடைசி வாரங்களில்தான் சரிவின் இலாபம் ஆகக் கூட.

இதே கணக்கை மட்டக்களப்புக்கும் போடச் சொல்லுங்க. பகலும் இரவும் சமமாகிற சமவிராக் காலத்தில் இங்கே நண்பகல் சூரியன் 82 பாகை. தட்டை நிலம் 0.99, 30 பாகைத் தெற்குச் சரிவு 0.93. இங்கே சரிவு நட்டம்! பிள்ளைகளுக்கு அகலாங்கின் வேலையைக் காட்ட இதைவிட நல்ல கணக்கு கிடையாது.

கரைக்கு வருவோம். ஒரு பக்கம் ஐஃபெல், மறுபக்கம் ஹுன்ஸ்றூக். அந்த இரண்டு மேட்டுநிலங்களுக்கும் நடுவே ஆறு ஆழமாக அறுத்துக்கொண்டு போகிறது. வளைவின் வெளிப்புறத்தை அரித்து அரித்துச் செங்குத்தாக்கும், உட்புறத்தில் மண்ணைப் படிய விட்டு மென்சரிவாக்கும். செங்குத்துப் பக்கம் தெற்கு, தென்மேற்கு, தென்கிழக்குப் பார்த்தால் அங்கே ரீஸ்லிங். வடக்குப் பார்த்தால் பெரும்பாலும் காடு. வேலென் பக்கத்தில் ஆறு வடமேற்காக ஓடுவதால் வலக்கரைச் சரிவு தென்மேற்குப் பார்க்கும். பிரௌனெபெர்க்கில் வளைவு திரும்பிவிட்டது, தெற்கு முகம் இடக்கரைக்குப் போய்விட்டது. தோட்டத்தைத் தீர்மானிப்பது சரிவின் முகம், கரை அல்ல.

அடிவாரத் தட்டை நிலம் சும்மா கிடப்பதில்லை, முல்லர்-துர்காவ் மாதிரி முந்திப் பழுக்கிற இனம் நடுவார்கள். ஆனால் இரவில் குளிர்காற்று கீழே இறங்கித் தேங்குவது அங்கேதான், வெள்ளம் ஏறுவதும் அங்கேதான்.

ஒரு எச்சரிக்கை: சரிவைச் சில பக்கங்களில் பாகையிலும் சிலவற்றில் சதவீதத்திலும் போட்டிருப்பார்கள். 45 பாகைதான் 100 சதவீதம். அங்கே செங்குத்துச் சரிவுத் தோட்டம் என்று கணக்கெடுப்பது 30 சதவீதத்துக்கு மேல், அது 17 பாகைகூட இல்லை. பிறெம் ஊருக்குப் பக்கத்துக் கல்மோன்ட் தோட்டம்தான் உண்மையான செங்குத்து, சில துண்டுகள் 60 பாகைக்கும் மேல்.

---

சிலேட்டுக்கல் பதில்:

அண்ணன் சொன்ன வெயில் கணக்கோட கல்லையும் சேர்த்துப் படிப்பியுங்க சேர். அந்த மேற்பரப்பு முழுக்க உடைந்த சிலேட்டுத் துண்டு. உள்ளங்கை அகலத்தில், கருநீலமாக, மண்ணே தெரியாத அளவுக்கு மூடிக் கிடக்கும். டெவோனியன் காலத்துக் கடற்சேறு அழுத்தப்பட்டு உருவான கல், 400 மில்லியன் வருடம் அளவு பழையது. பகலில் சூட்டைப் பிடித்து இரவில் விடும், மழைநீரை நிற்க விடாது. வேர் வெடிப்புகளுக்குள்ளால் பல மீற்றர் கீழே இறங்கும்.

மூன்றாம் கேள்விக்கும் பாதி விடை இதுதான். மழைத்துளி நேரே மண்ணில் விழாமல் கல் தாங்கிவிடும். ஆனால் கல்லே மெல்ல மெல்லக் கீழே வழுகும். முன்னர் குளிர்காலத்தில் முதுகுக்கூடையில் மேலே சுமந்தார்கள். இப்போது பற்சட்டத் தண்டவாளம் ஒன்றில் ஏறுகிற சின்ன எஞ்சின் வண்டி உண்டு, ஆளையும் பழத்தையும் அதுதான் ஏற்றி இறக்கும்.

மீதிப் பாதி கற்சுவர். செல் என்ற ஊரிலிருந்து ஆற்றோட்டத்தில் கீழே கொப்லென்ஸ் வரை சின்னச் சின்னப் படிகளாகத்தான் நட்டிருப்பார்கள். சாந்து பூசாத சுவர், அடிக்கல் உள்ளுக்குச் சாய்வாக, சுவரும் மலைப்பக்கம் சாய்ந்து, பின்னால் சல்லிக்கல் நிரப்பு. காலப்போக்கில் நுண்மண் வந்து சல்லியை அடைத்தால் தண்ணீர் வெளியேற வழியில்லை. குளிரில் உறைந்து பெருக்கும், சுவர் வயிறு தள்ளும், பனி உருகின பிறகு ஒரு நாள் சரியும். அவசரத்துக்குச் சீமெந்து பூசினால் இன்னும் கெதியாக விழும், இருந்த இடைவெளியும் அடைபட்டுவிடும்.

இன்னொன்று, மோசல் முழுக்கச் சிலேட்டு என்று குறிப்பில் எழுதிப்போடாதீங்க. ஆற்றோட்டத்தில் ட்ரியருக்கு மேலே, லக்சம்பேர்க் எல்லைப் பக்கம் சுண்ணாம்புக்கல், அங்கே எல்ப்ளிங் என்ற பழைய இனம். ஊர்ட்சிக்கில் எரிமலைச் சிவப்பு மண்ணும் கலந்திருக்கு. கிளையாறுகளான சார், றூவர் பள்ளத்தாக்குகளில் சிலேட்டுத்தான், ஆனால் குளிர் கூட, புளிப்பும் கூட. 2024 ஏப்ரல் கடைசியில் உறைபனி விழுந்தபோது ஆக மோசமாக அடி வாங்கினது அந்த இரண்டும்தான். பழைய புத்தகங்களில் மோசல்-சார்-றூவர் என்று இருக்கும், 2007 முதல் வெறும் மோசல்.

---

கல்லடி_புவியியல் எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். மண்ணரிப்பைத் தடுக்கச் சமவுயரக் கோட்டின் வழியே பயிரிட வேண்டும் என்றுதான் நாங்கள் படிப்பிக்கிறோம். படங்களில் வரிசைகள் மேலிருந்து கீழே நேராக இறங்குதே?

---

சிலேட்டுக்கல் பதில்:

நல்லாக் கவனிச்சிருக்கீங்க. குறுக்காக ஓடினால் உழவு இயந்திரம் புரண்டுவிடும், அதனால் மேலே வின்ச் வைத்துக் கம்பிவடத்தில் கட்டி நேராக ஏற்றி இறக்குகிறார்கள். வரிசை அந்தப் பாதைக்குத்தான் அடிமை. மண்ணுக்கு அது நல்லதில்லை, இடைவரிசையில் புல் வளர விடுவது அதைச் சமாளிக்கத்தான். சில இடங்களில் குறுக்குப் படிகள் வெட்டிப் புதிதாக நடுகிறார்கள், அரிப்புக் குறையும், இயந்திரமும் ஓடும், ஆனால் அதே நிலத்தில் கொடி எண்ணிக்கை விழுந்துவிடும்.

இயந்திரமே ஏறாத பழைய தோட்டத்தில் கம்பி வரிசையும் இல்லை. கொடிக்கு ஒரு கம்பம், ஆள் உயரத்துக்கு மேல். குளிர்காலக் கவ்வாத்தில் இரண்டு தண்டை மட்டும் விட்டு, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பக்கமாக வளைத்து நுனியைக் கம்பத்தின் அடியில் கட்டினால் இதய வடிவம் வரும். வளைக்காமல் விட்டால் நுனி மொட்டுகள்தான் துளிர்க்கும், அடி வெறுமையாகிவிடும். உறைபனி நாளில் வளைத்தால் தண்டு முறியும், ஈரமான இளஞ்சூட்டு நாள் பார்த்துத்தான் செய்ய வேண்டும். கம்பி குறுக்கே இல்லாததால் வேலைக்காரர் எந்தப் பக்கமும் நகரலாம்.

---

அக்கரைப்பற்று_பந்தல் பதில்:

வைனில நமக்கு வேலையில்ல சேர், கொடியில இருக்கு. அந்தத் தண்டு விசயத்தை முதலில் மறிச்சுப்போடுங்க. பயணப்பையில் தண்டு கொண்டுவருவது 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாறு. முன்கூட்டியே அனுமதிப்பத்திரம், அந்த நாட்டுத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ், கட்டுநாயக்காவில் தொற்றுத்தடைப் பரிசோதனை எல்லாம் தேவை. காரணம் வெறும் கடதாசி இல்ல. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களைத் தின்று தீர்த்த பிலொக்செரா வேர்ப்பூச்சி அமெரிக்காவிலிருந்து கொடியோடதான் கப்பலேறி வந்தது.

சட்டத்தைத் தாண்டி வந்தாலும் ரீஸ்லிங் இங்கே சரிவராது. அதுக்குக் குளிர்காலத் தூக்கம் வேணும். அது இல்லாட்டி மொட்டு ஒரே நேரத்தில் உடையாது, ஒரு தண்டில் பூ, பக்கத்தில் காய்ந்த கணு என்று நிற்கும். குலையும் நெருக்கமானது, நம்மட ஈரத்துக்கு உள்ளுக்குள்ளாலேயே அழுகும். யாழ்ப்பாணத்தில் பரவலாக நடுகிற இஸ்ரேல் புளூ இனத்தை வாங்கச் சொல்லுங்க.

இங்கே தூக்கத்தைக் கத்தரிக்கோல்தான் கொடுக்கணும். மாரி ஓய்ந்து பெப்ரவரி நடுவில் தண்ணியை இரண்டு கிழமை நிறுத்தி, பிறகு வெட்டுங்க. பழுப்பு நிறமாக முதிர்ந்த, பென்சில் பருமன் தண்டில் ஐந்தாறு கணு விட்டால் போதும், மிச்ச இலையையும் உருவிவிடணும். வெட்டின கையோட எரு போட்டுத் தண்ணி. மார்ச் கடைசியில் பூ, ஜூனில் பழம். பூ, மேற்கே இருந்து வீசுற கச்சான் காற்றுக்கு முந்த முடிஞ்சிரணும். பிந்தினால் அந்தக் காய்ந்த காற்றில் பூ கருகிக் கொட்டும். பந்தலின் மேற்குப் பக்கம் பச்சை வலை கட்டுங்க.

ஜூலையில் இரண்டாம் தரம் வெட்டிப் பார்க்க ஆசை வரும், வேணாம். பழம் பழுக்கிற நேரம் நவம்பர் மழை, தோல் வெடிக்கும், இலையில் அடிச்சாம்பல் நோய் பிடிக்கும்.

கல்லடி மணலுக்கு இரண்டரை அடிக் குழி எல்லாப் பக்கமும், பாதி செம்மண், மீதி உக்கின மாட்டெருவும் மேல்மண்ணும். வாவிப் பக்கத்துக் கிணறு என்றால் ஓகஸ்ட்டில் தண்ணியை வாயில் வைத்துப் பாருங்க. கரிச்சால் இலை ஓரம் கருகத் தொடங்கும், அந்த இரண்டு மாதம் குழாய்த்தண்ணிதான்.

---

வாவிக்கரை_நிலஅளவை பதில்:

சேர், வகுப்புக்கு ஒன்று: வரைபுத்தாள் ஒட்டின மட்டையும் டோர்ச்சும் எடுங்க. டோர்ச்சை 40 பாகையில் பிடித்து, மட்டையைக் கிடையாக வைத்து வெளிச்சம் விழுகிற சதுரங்களை எண்ணச் சொல்லுங்க. பிறகு டோர்ச்சுக்கு எதிர்ப்பக்க விளிம்பை 30 பாகை உயர்த்தி, டோர்ச்சை அசைக்காமல் திரும்ப எண்ணச் சொல்லுங்க. சதுரம் குறைந்தால் அதே வெளிச்சம் செறிந்து விழுகிறது என்று அர்த்தம். டோர்ச் மட்டையிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கணும், இல்லாட்டி எண்ணிக்கை பிழைக்கும்.