சேலை விரிப்பு தைக்க எந்த மிஷின் வாங்கலாம்?

வணக்கம். ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். பழைய பருத்திச் சேலைகளை நான்கைந்து அடுக்காகப் போட்டுப் பேத்திக்கு ஒரு விரிப்பு தைக்க ஆசை. கூடவே லுங்கி, சீருடை, தலையணை உறை என்று வீட்டுக் கிழிசல் எப்போதும் ஒரு கூடை இருக்கிறது.

வீட்டிலிருந்த சின்ன பிளாஸ்டிக் மிஷின் மூன்றாவது அடுக்கிலேயே முனகி நின்றுவிட்டது. 11ஆம் எண் மெல்லிய ஊசியை எடுத்துவிட்டு, தடித்த 16ஆம் எண் ஊசி போட்டுப் பார்த்தேன். அடியில் நூல் கொத்தாகச் சுருண்டு, அடிநூல் சுற்றிய பாபினைக் கழற்றி நகத்தால் பிய்த்தெடுத்தேன். திருப்பூர் பனியன் துணியில் தையல் விட்டுவிட்டு விழுந்ததற்கு மட்டும் மருந்து கிடைத்தது: பனியன் துணிக்கென்றே வரும், முனை உருண்ட ஊசி.

என்னிடம் இருப்பது 10,000 ரூபாய். பூ வேலைப்பாடு எதுவும் வேண்டாம். நேர்த்தையல் உறுதியாக விழ வேண்டும். ஜிக்ஜாக் இருந்தால் நல்லது. கால்மிதி இரும்பு மிஷினைப் பழையதாக வாங்கி மோட்டார் மாட்டலாமா? கரண்ட் போனாலும் மிதித்துக்கொள்ளலாம், முழங்கால்தான் சம்மதிக்க வேண்டும். இல்லை, உஷா, சிங்கர் போன்றவற்றில் புதிய மின் மிஷினே தடிமன் துணியைத் தாங்குமா? பழையது வாங்குவதென்றால் எதையெல்லாம் ஓட்டிப் பார்க்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை ஒன்றைப் பார்க்கப் போகிறேன். அதற்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.